கொட்டகைக்குப் போன ஃபார்மலின்

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். போர்வெல் ரிக்கில் பல மாநிலம் சுற்றி, இடுப்பு போனதும் ஊர் திரும்பி, நாமக்கல் பக்கம் ஒரு கோழி ஆய்வகத்தில் ஜீப் ஓட்டினேன்.

அங்கே ஆராய்ச்சி செய்த பெண்ணுக்கு ஒரே கேள்வி. வெயிலில் தவிக்கும் கோழியின் ஈரல் செல்லுக்குள் ஒரு புரதம் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கிறது, எந்தெந்த இடத்தில்? ஃபார்மலின் மருந்தில் போட்டால் ஒட்டியது ஒட்டியபடி இறுகிவிடும். பிறகு டிஎன்ஏவைத் துண்டாக்கி, அந்தப் புரதம் பிடித்திருக்கும் துண்டுகளை மட்டும் பிரித்து, எழுத்தெழுத்தாகப் படிக்க அனுப்புவார்கள். இரண்டு தடவை அனுப்பினாள். ஒன்றும் தேறவில்லை. இன்னொரு தடவை வீணாய்ப் போனால் தலைப்பையே மாற்று என்றார் அவளுடைய பேராசிரியர்.

"ஏசி ரூமுக்குக் கொண்டாந்து அறுக்கறோம்ணா. அதுக்குள்ள கோழி ஆறிப்போவுது, புரதமும் உட்டுட்டுப் போயிருது. கோழி நிக்கற கொட்டாயிலயே செய்யோணும். தூசி, எச்சம்னு சார் உடமாட்டாரு," என்று ஜீப்பில் புலம்பினாள்.

"அவருகிட்ட எவன் கேட்டான் அம்மணி? வண்டி எங்கிட்டத்தான இருக்குது."

மறுநாள் சித்திரை உச்சிவெயிலில் ஐஸ் பெட்டியும் ஃபார்மலினுமாக வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனோம். பண்ணைக்காரர் மறித்தார்.

"ஏனுங்க, மருந்தோட வந்து நின்னா, எங்கோழிக்குச் சீக்குனு ஊரே பேசுமுங்க."

"சீக்கில்லீன்னு காட்டோணுமா? ஒண்ண அறுத்துக் கொழம்பு வெய்ங்க. எல்லாரும் பாக்க உக்காந்து உண்டுட்டுப் போறேன்."

சிரித்துவிட்டு வழிவிட்டார். கோழிகள் வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டிருந்தன. அவள் ஒன்றை அறுத்து, ஈரலைப் பொடியாக நறுக்கி ஃபார்மலினில் போட்டாள். கண் எரிந்தது. அதிகம் ஊறினாலும் கெட்டுவிடுமாம். கடிகாரத்தைவிட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, ஏசி அறையில் ஆறிய கோழியின் ஈரலையும் சேர்த்தே அனுப்பினாள்.

முடிவு வர மழைக்காலம் ஆனது. ஆறிய கோழியின் கோடு திரையில் மொட்டைத் தரையாகக் கிடந்தது. கொட்டகைக் கோழியின் கோடு புரதம் ஒட்டிய இடங்களில் சிறு குன்றுகள்போல் கரடு கரடாக எழுந்து நின்றது.

பேராசிரியர் நெடுநேரம் பார்த்தார். "பிரமாதம். ஆய்வகத்துல செஞ்சதுன்னு போட்டுரு. கொட்டாய்னா எவனும் நம்பமாட்டான்."

"மாட்டேன் சார். ஆய்வகத்துல செஞ்சதுதான் அந்த மொட்டைக் கோடு."

"உன்னை யாரு அங்க கூட்டிட்டுப் போனது?"

"நாந்தானுங்க," என்றேன் வாசலில் இருந்து.

அந்த மாதத்தோடு ஜீப் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஆய்வுக் கட்டுரையில் பண்ணைக் கொட்டகை, உச்சிவெயில் என்றே அவள் எழுதி அனுப்பினாள். அவரால் தடுக்க முடியவில்லை. அந்தக் கரடுகள் அவருக்கும் வேண்டியிருந்தன. நான் இப்போது முட்டை லாரி ஓட்டுகிறேன். அவள் கூப்பிட்டால் அதையும் திருப்பிக்கொண்டு போவேன்.