நாடாவின் மறுமுனை

பெரிய மரத்தின் சுற்றளவை ஒற்றை ஆளாக அளக்க முடியாது. சிறு மரமென்றால் நாடாவின் முனையை ஒரு கையால் பட்டையோடு அழுத்திக்கொண்டு, மறுகையைச் சுற்றிக் கொண்டுவந்துவிடலாம். தூங்குமூஞ்சி மரம் அப்படியில்லை. மார்பு உயரத்தில் கட்டிப்பிடித்தால் கன்னத்தில் பட்டை உரசும், கழுத்தில் எறும்பு ஏறும், விரல்கள் மட்டும் ஒன்றையொன்று சந்திக்கவே சந்திக்காது. ஆணியடித்து நாடாவை மாட்டலாம். ஆனால் மரத்தில் ஆணி கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் விதி. மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் செங்கல்பட்டில் தெருமரங்களைக் கணக்கெடுக்கும் தற்காலிக வேலையில் இருந்தேன். கூட வந்தவன் முதல் வாரத்திலேயே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை எனக்கு. மின்சார ரயில் போகும்போது கதவு தானாக அதிரும். அதைத் தட்டியவர் வேறு எவருமில்லை. அந்த வருடம் நான் கட்டிப்பிடித்ததெல்லாம் மரங்களைத்தான். புங்கம் வழவழப்பு, வேம்பு சொரசொரப்பு. மதிய வெயிலிலும் இரண்டும் உள்ளுக்குள் குளிர்ந்திருக்கும்.

என்ன மரம், எவ்வளவு பருமன், பொந்து உண்டா, கிளை மின்கம்பியில் உரசுகிறதா, எல்லாம் குறிக்க வேண்டும். பிறகு தண்டில் வெள்ளை வண்ணத்தில் ஓர் எண். மரம் செத்துப்போய் வெறும் குழி மட்டும் இருந்தால் அதையும் எழுத வேண்டும். இல்லாததற்கும் ஒரு வரி உண்டு என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பள்ளி வாசலுக்கு மேலே உளுத்திருந்த கிளையை நான் குறித்ததால், மழைக்கு முன்பே வந்து இறக்கினார்கள். கீழே விழுந்ததும் அது மாவாக உதிர்ந்தது. விட்டிருந்தால் யார் தலையில் விழுந்திருக்குமோ.

ஆனால் ஊர் என்னை நம்பவில்லை. முன்பு நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது மரங்களுக்கு முதலில் எண் வந்தது, பின்னாலேயே ரம்பம் வந்தது. எண் என்றால் சாவு என்றுதான் அவர்களுக்குத் தெரியும்.

ஒரு முட்டுத்தெருவில் வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு, துணி தேய்த்துக்கொண்டிருந்தாள் ஓர் அக்கா. அந்த நிழல்தான் அவள் கடை. நாடாவை நீட்டினேன்.

“இந்த முனையக் கொஞ்சம் புடிங்கக்கா.”

“புடிப்பேன், புடிப்பேன். நானே கயிறு குடுத்து என் கழுத்துல மாட்டிக்கறதா? போ நைனா, வேற தெருவப் பாரு.”

“வெட்ட இல்லக்கா. காப்பாத்தத்தான்.”

“கோழிக்கும் அப்டித்தான் சொல்லுவாங்க.”

மறுநாள் போனபோது மரம் மஞ்சள் துணி கட்டியிருந்தது. இடுப்பில் மஞ்சள், நெற்றியில் குங்குமம், காலடியில் ஓர் எலுமிச்சை. அக்கா என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஆத்தா வந்துட்டா. இன்னா பண்றது?”

அலுவலகத்தில் சொன்னேன். “கோயில் வம்பு வேணாம், விட்டுடு” என்றார்கள். அந்தத் தெருவில் அது மட்டும் எண்ணில்லாமல் நின்றது.

மழைக்காலத்துக்கு முன் சாக்கடைக் கால்வாய் தோண்ட ஆட்கள் வந்தார்கள். நான் ஏரிக்கரைச் சாலையில் இருந்தேன். அக்கா செருப்பில்லாமல் தேடிக்கொண்டு வந்தாள்.

“நைனா, நம்பர் போட்ட மரத்த எல்லாம் விட்டுட்டு, நேரா என்கிட்ட வந்து நிக்கிறானுங்க. ஆத்தாடா, கண்ணு அவிஞ்சுடும்டான்னேன். கேக்கல.”

போய்க் கேட்டேன். தோண்டும் ஆட்களின் மேஸ்திரி அலட்டிக்கொள்ளவில்லை. “சாமிக்கு ஒரு பொங்கல் வெச்சா வழி வுட்டுடும் சார். லிஸ்ட்ல கீற மரம்னாதான் பேஜாரு. எதுக்கு வெட்னன்னு எழுதிக் குடுக்கணும், மேலேர்ந்து ஆபீசர் வந்து பாப்பான்.”

பையிலிருந்து நாடாவை எடுத்தேன். கணக்கெடுப்பு முடியவில்லை, அந்தத் தெரு இன்னும் என் பொறுப்பில்தான் இருந்தது. அக்கா தானாக முன்னே வந்து மஞ்சள் துணியை அவிழ்த்தாள். “கோச்சுக்காத தாயி, கொஞ்சம் தள்ளு.” நாடாவின் மறுமுனையை அவள் பிடித்தாள். கரிப் புகை நாறும் விரல்கள். அழுத்திய அழுத்தில் நகம் வெளுத்தது. அளந்தேன், எழுதினேன், எண் போட்டேன்.

“பெயின்ட்டே காயல சார்” என்றார் மேஸ்திரி.

“மரம் பழசுதான் அண்ணாத்த” என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே கால்வாயை வளைத்துத் தோண்டினார்கள். அந்த வளைவில் இன்றும் குப்பை அடைக்கும்.

அன்று அக்கா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். குடிக்கும்போது கேட்டாள்: “ஏன் நைனா, உன்னிய எந்த லிஸ்ட்ல எழுதிகீறாங்க?”

“என்னையா?”

“ரேஷன் கார்டு கீதா? ஓட்டு? வூட்டுக்காரி?”

எதுவும் இல்லை என்றேன்.

“அப்ப நாளிக்கு நீ காணாம பூட்டா எவன் கேப்பான்?”

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அறைக்குத் திரும்பிய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலை முடிந்தது. யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். சொல்லிக்கொள்ள ஆள் இருந்ததாக அப்போது தோன்றவில்லை. மாமல்லபுரத்தில் ஒரு விடுதி, கடப்பாக்கத்தில் ஓர் இறால் பண்ணை, மறுபடி மாமல்லபுரம். கடற்கரையோரம் சவுக்கு மரங்கள் ஒன்றுபோல நின்றன. ஒன்று போனால் அடுத்ததற்கே தெரியாது. காற்றில் அவை சேர்ந்து இரையும்போது நான் அறை மாற்றிவிடுவேன், பிறகு ஊரையே மாற்றிவிடுவேன்.

பல வருடங்கள் கழித்து, ரயில் மாறச் செங்கல்பட்டில் இறங்கினேன். அடுத்த ரயிலுக்கு நேரமிருந்தது. கால் தானாக அந்தத் தெருவுக்குப் போயிற்று.

வேம்பு நின்றது. பருத்திருந்தது. என் எண்ணின் மேலேயே வேறு யாரோ புது வண்ணத்தில் எழுதியிருந்தார்கள். பட்டுப்போன ஒரு கிளையைச் சுத்தமாக அறுத்திருந்தார்கள். வெட்டுவாயைச் சுற்றிப் பட்டை உதடுபோல மூடிக்கொண்டு வந்தது. கீழே அதே வண்டி. அக்காவுக்கு முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“எங்கடா பூட்ட? அந்த ஆபீசுக்கே போய்க் கேட்டேன், மரம் அளக்குற புள்ள எங்கன்னு. ஒருத்தனுக்கும் தெர்ல.”

“எதுக்குக்கா கேட்டீங்க?”

“காணோமேன்னு கேட்டேன். வேற எதுக்கு?” என்று சொல்லிவிட்டு, கரியை விசிறத் தொடங்கினாள்.

தூரத்தில் என் ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் நகரவில்லை.