ஹங்கேரிப் படத்தில் நான் தள்ளிவிட்ட காட்சி

"ஏனுங்க, குழி யாருக்குங்க தோண்டறாரு? மாட்டுக்கா, கன்னுக்கா?"

ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் கிளப் ஹாலில் படம் ஓடிக்கொண்டிருந்தபோது, கொட்டச்சேட்டு விவசாயி காளியப்பன் எழுந்து நின்று இப்படிக் கேட்டார். புரொஜெக்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு வியர்த்துவிட்டது. பதில் இருந்த காட்சியைத்தான் நான் காட்டாமல் தள்ளிவிட்டிருந்தேன்.

சேலத்துத் தியேட்டர்களில் ஆபரேட்டராகவே காலத்தை ஓட்டியவன் நான். ஜனம் கத்தினால் பாட்டை வெட்டுவோம், அழுகைக் காட்சியை வெட்டுவோம், முதலாளி கண்டுகொள்ள மாட்டார். ஜனத்தின் நாடி ஆபரேட்டருக்குத்தான் தெரியும் என்று பீற்றிக்கொள்வோம். ரிட்டயரான பிறகு ஒரு ஃபிலிம் கிளப் என்னைக் கூப்பிட்டது. ஹங்கேரி நாட்டு டைரக்டர் ஒருவரின் படங்களை வரிசையாகப் போடுகிறார்கள். கிளப்பை நடத்தும் லதா முதல் நாளே சொல்லிவிட்டாள்: "ஏனுங்ணா, ஒண்ணுமே நடக்காதாட்ட இருக்கும். ஆனா துளி கொறையாம ஓட்டோணுங்க."

டவுன்காரர்கள் இரண்டே நாளில் வருவதை நிறுத்திவிட்டார்கள். லதா மழையில் கொட்டச்சேடு போய், வீடு வீடாகக் கெஞ்சி ஆட்களைக் கூட்டிவந்தாள். இவர்களும் எழுந்து போனால் மிச்சப் படங்களைப் பார்க்க ஆளில்லை, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்றைய படத்தில் ஒரு கொட்டகை. கன்று போட முடியாமல் மாடு படுத்துக் கிடக்கிறது. அதன் வயிற்றில் கை வைத்தபடி ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். பேச்சில்லை, மியூசிக் இல்லை, கேமரா அசையவே இல்லை. அட கடவுளே, காட்டுவேலை செய்துவிட்டு வந்த ஜனம் இதையா பார்க்கும் என்று பதறினேன். ஹாலை ஏறிட்டும் பார்க்காமல் பட்டனைத் தட்டினேன். படம் விடியற்காலைக்குத் தாவியது. கிழவர் குழி தோண்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் காளியப்பன் எழுந்தார்.

லதா ஓடி வந்தாள். "என்னங்ணா பண்ணுனீங்க?" என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜனத்தின் பக்கம் திரும்பி, "மெசின்ல கோளாறுங்க, மன்னிச்சுக்கோங்க" என்று எனக்காகப் பொய் சொன்னாள்.

விட்ட இடத்திலிருந்து மறுபடி போட்டேன். இந்த முறை ஹாலைப் பார்த்தேன். ஒருவர்கூட அசையவில்லை. நெடுநேரம் கழித்து, "மாடு போயிருச்சு" என்றார் காளியப்பன் மெதுவாக. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் கிழவர் மாட்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

படம் முடிந்ததும் காளியப்பன் நேராக என்னிடம் வந்தார். எனக்கு ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"மெசின் கோளாறு இல்லீங்க, கண்ணசந்துட்டீங்களாட்ட இருக்குது, கை பட்டிருச்சு. அதுக்கு எதுக்குங்க மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு? மாட்டுக்குக் காவலிருந்தா எங்களுக்கும் அப்படித்தானுங்க ஆகும்."

நான் தூங்கவில்லை, உங்களுக்குப் பொறுமை இருக்காது என்று நானே முடிவு கட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் "ஆமாங்க" என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன், பட்டனில் கை வைக்கும் முன் ஹாலைப் பாருங்கள். காளியப்பன் மன்னித்தது என் தூக்கத்தை. அவரைப் பற்றி நான் நினைத்தது அவருக்கு இன்னும் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.