மார்கிரட் பிடிபட்ட நாள்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் வீடுகளில், வீட்டுக்கு வீடு நடுச்சுவர் உண்டு. ஆனால் அது கூரையைத் தொடாது. அந்த இடைவெளிதான் மார்கிரட்டின் ரேடியோ. அடுத்த வீட்டுச் சுவர்ணா புருஷனைத் திட்டுவது முதல் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பது வரை எல்லாம் காதுக்கு வந்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது பிடிபட்டிருப்பாளா? மூச்! பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை. சாமியாருக்கு எதற்கு வீண் வேலை?

அவள் வயிற்றில் பிறந்த அஞ்சலா படித்ததோ, ஒட்டுக்கேட்பவரைப் பிடிக்கிற படிப்பு. ரகசியச் செய்தியைப் பூட்டித் திறக்கிற சாவி எண்களைத் துளித்துளி ஒளியாக அனுப்புவார்களாம். நடுவில் எவராவது எட்டிப் பார்த்தால் அந்த ஒளி குலைந்துபோகும். மறுமுனையில் பிழை ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

"நம்ம லயத்துல மட்டும் அத மாட்டிராத தாயே," என்றாள் மார்கிரட்.

கடைசிப் பரீட்சையன்று சோற்றுப் பார்சலோடு கம்பசுக்குப் போனாள். அஞ்சலா செய்திருந்த ஒளி அனுப்பும் கருவி ஒழுங்காக வேலை செய்தால்தான் மகளுக்குப் பட்டம். அஞ்சலாவும் பரீட்சகர் ரஸீன் சேரும் அடுத்த அறையில் கம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்கிரட் இருந்த அறையில் கருவியை வைத்துக் கறுப்புத் துணி மூடிய மேசை மட்டும். மூடி வைத்தால் சும்மா இருக்க முடியுமா மனுஷிக்கு? துணியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டாள். கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு அவள் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடி, ஒளி போகிற வழியில் புகுந்து அதைக் குலைத்தது.

"பிழை இவ்வளவு ஏறுதே! மெஷின் பழுது போல. இதுக்கு எப்படி மார்க்ஸ் போடுறது?" என்றது சேரின் குரல்.

"பழுது இல்ல சேர், யாரோ நடுவுல பாக்குறாங்க."

"இங்க யாரு இருக்கா பாக்க?"

குரல் கேட்டுத் தலையை வெளியே எடுத்து, கதவிடுக்கில் காதை வைத்திருந்த மார்கிரட்டுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாயை மூடினால் தன் மானம் தப்பும், பிள்ளையின் பட்டம் போகும். பெற்ற மனம் கேட்குமா? கதவைத் தள்ளினாள்.

"நான்தாங்கய்யா பாத்தேன்."

"ஐயோ அம்மா!" என்று தலையில் கைவைத்தாள் அஞ்சலா.

சேருக்குச் சந்தேகம் தீரவில்லை. "எங்க, இன்னொருக்காப் பாருங்க." பார்த்தாள், பிழை ஏறியது. தலையை எடுத்தாள், இறங்கியது. மறுபடியும் பார்க்கச் சொன்னார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, அஞ்சலாவின் கையைக் குலுக்கினார்.

அன்று மாலை அடுப்படியில் மார்கிரட் குரலைத் தாழ்த்தினாள். "பாஸானத மட்டும் சொல்லு புள்ள. நான் மாட்டுனத யாருகிட்டயும் சொல்லிராத."

சுவருக்கு மேலாகச் சுவர்ணாவின் சிரிப்பு வந்தது. "அக்கா, கடைசியில புடிபட்டீங்களாமே!"

"ஆமாடி!" என்று கூரை அதிரக் கத்தினாள் மார்கிரட். "நான் புடிபட்டதுலதான் எம் மக பாஸு!"