பெரியவள் திறந்தால்தான் திறக்கும் கணினி

எங்கள் அச்சகத்துக் கணினியைக் காலையில் திறக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. ஆறு வருஷமாக அப்படித்தான். வெளிநாட்டில் யாரோ ஓட்டித் தேய்த்ததைப் பழசாக வாங்கினோம். கடவுச்சொல் கேட்கும் திரையில் மட்டும் அந்த நாட்டு விசைப்பலகையின் எழுத்து வரிசை அப்படியே நின்றுவிட்டது. ஏ-யைத் தட்டினால் க்யூ விழும். எண் விழ ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரியும் என்பதால், எங்கே தப்பு என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. நான் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? "பெரியவளே, வந்து திறந்து குடும்மா" என்று மாமனார் கூப்பிடுவாரே, அந்த ஒரு குரலுக்காகத்தான் நான் காலையில் தலையே வாரிக்கொள்வேன்.

கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்தாள். வந்த வாரமே, "என்னக்கா, இதுக்கா இவ்வளவு பாடு?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்தில் விசை வரிசையைச் சரியாக்கிவிட்டாள். எங்கே போய் மாற்றுவது என்று என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினாள், பெரிய மனசுக்காரி!

மறுநாள் மாமனாரே ஒற்றை விரலால் தட்டித் திறந்தார். "சின்னவ கெட்டிக்காரி" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் ஒரே புராணம். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன பேர் வைப்பது? பத்து நாள் என்னை யாரும் கூப்பிடவில்லை.

பதினோராம் நாள், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவள் காட்டிய அதே இடத்தில் பழையபடி மாற்றி வைத்தேன். கை கூசவேயில்லை.

அடுத்த நாள் காலை, வேலைக்கு விண்ணப்பம் அச்செடுக்க ஒரு நர்ஸ் வந்து, நேரமாகிறது என்று பறந்துகொண்டிருந்தாள். மாமனார் தட்டுகிறார், தட்டுகிறார், திறந்தால்தானே!

"சின்னவளே! என்னத்த நோண்டி வெச்சே?"

அவள் வந்து உட்கார்ந்தாள். எந்த விசை வரிசை என்று காட்டும் இரண்டு எழுத்து திரையின் மூலையில் இருக்கும். அதைப் பார்த்தாள். அதைத் தொட்டு மாற்றினால் முடிந்தது, அவளுக்குத் தெரியாததா? பிறகு என்னைப் பார்த்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வரல மாமா. நான்தான் ஏதோ தப்பா செஞ்சிருக்கேன். அக்காவையே திறக்கச் சொல்லுங்க."

"பெரிய இவளாட்டம் கை வெச்சா இப்படித்தான்! பெரியவளே, நீ வாம்மா."

உட்கார்ந்தேன். முதல் தடவை தப்பிப் போயிற்று. மறு தடவை திறந்தது. "அப்பாடா!" என்றாள் நர்ஸ். "பெரியவ இல்லன்னா இந்தக் கடையே இல்ல" என்றார் மாமனார். சின்னவள் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

காட்டிக் கொடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பாவி, அந்தக் குரலை எனக்குப் பிச்சையாகப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.