ஒரு சாண் உலை

"இன்னும் ரெண்டு விரக்கடை சேத்தே வெட்டுங்க பாய்," என்கிறார் நெடுமாறன். தையற்காரர் அப்துல் கபார் நாடாவைச் சுருட்டிக்கொள்கிறார். இந்த மனிதருக்கு அளவெடுப்பது ஒரு மரியாதைக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். எடுத்த அளவை ஓரமாக வைத்துவிட்டு, இதைவிடப் பெரிய ஆள் ஒருவருக்குச் சட்டை தைக்க வேண்டும். அந்தப் பெரிய ஆள் இன்றுவரை நெய்வேலிக்கு வந்து சேரவில்லை. அவருடைய சட்டைகளை நெடுமாறன்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்.

செருப்பும் அப்படித்தான். நுனியில் செய்தித்தாளைத் திணித்து நடப்பார். வீட்டில் இருப்பது இரண்டு பேர். மாவரைக்கும் கிரைண்டரோ கல்யாண மண்டபத்துக்கானது. இரண்டு பேருக்கு ஊறவைத்த அரிசி அதற்குள் போனால் கல்லில் அப்பிக்கொண்டு வெளியே வர மறுக்கும். குவார்ட்டர்ஸ் வாசலில் நுழையாத கட்டில் ஒன்றைக் கதவைக் கழற்றி உள்ளே கொண்டுபோனார். கேட்டால் ஒரே பதில்: "இருந்துட்டுப் போவுது. பின்னாடி ஒதவும்." அந்தப் 'பின்னாடி' எப்போது வரும் என்று மனைவி பிரபாவதி பல வருஷம் கேட்டுப்பார்த்தார். இப்போது கேட்பதில்லை.

குற்றம் முழுக்க நெடுமாறனுடையது என்றும் சொல்ல முடியாது. சுரங்கத்தில் அவர் ஓட்டுவது பக்கெட் வீல் மிஷின். மாடி வீட்டை மறைக்கிற சக்கரம். அதன் விளிம்பெங்கும் வாளிகள். ஒரு வாளிக்குள் ஒரு ஆள் காலை மடக்கிப் படுத்துத் தூங்கலாம். ஷிஃப்ட் தொடங்கும்போது எதிரே நிற்கிற மண்மேடு, ஷிஃப்ட் முடியும்போது இருக்காது. அந்தக் கேபினிலிருந்து இறங்கி வருகிறவருக்கு உலகம் கொஞ்சம் பிடித்து வெட்டிய சட்டை மாதிரிதான் தெரியும்.

கத்தி அடிக்கிற வீடியோக்களை அவர் ஃபோனில் பார்க்க ஆரம்பித்து வெகு நாளாகிறது. கரி வேண்டாம், துருத்தி வேண்டாம். ஓர் இரும்புக் குழாய், உள்ளே சூடு தாங்கும் செராமிக் கம்பளி, பக்கத்தில் ஒரு பர்னர், ஒரு புரொபேன் சிலிண்டர் போதும். உலையை வீட்டிலேயே செய்துவிடலாம். ஊரே நிலக்கரிக்கு மேல் உட்கார்ந்திருக்க, நெடுமாறனுக்கு ஆசை வந்தது கேஸ் உலை மேல். ஆசை இருந்தது, காரணம்தான் இல்லை. காரணத்தைத் தங்கை மாரியம்மாள் கொண்டுவந்தார்.

காடாம்புலியூரில் சாலையோரம் பலாப்பழம் விற்பவர் மாரியம்மாள். போன மழையில் தோப்பில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கோணலாக. கை இப்போது திரும்புவதில்லை. கடைக் கத்திகள் எல்லாம் நேரான கைக்குச் செய்தவை. அவர் பிடித்தால் வழுக்குகின்றன. பண்ருட்டிக் கொல்லர் ஒருவரிடம் கையைக் காட்டிக் கேட்டதற்கு, பலா சீசனுக்கான வேலை குவிந்து கிடக்கிறது, ஒற்றைக் கத்திக்கு இப்போது நேரமில்லை, சீசன் முடியட்டும் என்றாராம்.

"சீசன் முடிஞ்சாக் கத்திய வச்சிக்கினு நான் என்னா பண்றது? சுளை போட்டாத்தாண்ணே ஆளு நிக்கும். முழுப் பழத்தத் தூக்கிக்கினு எவன் பஸ்ல ஏறுவான்?"

"அந்தாளு கெடக்கறாரு. நான் செஞ்சு தரேன்," என்றார் நெடுமாறன், இதுவரை ஓர் ஆணியைக்கூட அடித்து நீட்டியிராதவர்.

பழைய இரும்புக் கடையிலிருந்து வந்த குழாயைப் பின்கட்டில் இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் இசக்கிமுத்து மதில் மேல் கையூன்றிப் பார்த்தார். ஒர்க்‌ஷாப்பில் டர்னர், திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சை விட்டு வராதவர்.

"என்னவே இது? இதுக்குள்ள எதவே வைக்கப்போறீரு, முழுப் பலாப்பழத்தையா?"

"இன்னிக்கிக் கத்தி. நாளைக்கே யாராச்சும் கடப்பாரை கொண்டாந்தா? வாசலுக்கு இரும்பு கேட்டு செய்யச் சொன்னா? இருந்துட்டுப் போவுது."

அவ்வளவு பெரிய வயிற்றுக்கு ஒரு பர்னர் போதாதென்று இரண்டு வைத்தார். பற்றவைத்ததும் உலை, லாரி மேடேறுவது போல உறுமியது. உள்ளே, கத்திக்கென்று வாங்கிய லாரி ஸ்பிரிங் பட்டைத் தகடு கிடந்தது. அது சிவக்கும் என்று நெடுமாறன் குனிந்து காத்திருக்க, சிலிண்டருக்கு முதலில் வேர்த்தது. பிறகு அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று பனி பூத்தது. இரண்டு பர்னர் இழுத்த வேகத்துக்குக் கேஸ் கொடுக்க முடியாமல் அது உறைந்துகொண்டிருந்தது. உறுமல் முனகலாயிற்று. பங்குனி வெயிலில் வெளியே வந்த பிரபாவதி சிலிண்டரைத் தொட்டுப்பார்த்து, குளிர்ந்த கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏங்க, ஒல வச்சீங்களா, ஐஸ் பொட்டி வச்சீங்களா?"

அடுத்த லீவு நாளில் இன்னொரு சிலிண்டரையும் சேர்த்துப் பூட்டினார். இந்த முறை முழ நீளத் தகடும் ஒருவாறு சிவந்தது. இடுக்கியில் பிடித்து, தண்டவாளத் துண்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தார். ஒரு சாண் தட்டுவதற்குள் மிச்சமெல்லாம் கறுத்துவிட்டது. திரும்ப உள்ளே, திரும்ப வெளியே. ஒவ்வொரு முறையும் ஒரு சாண்தான். மேட்டைத் தின்கிற மிஷினை ஓட்டுகிற கைக்கு, இரும்பு ஆறுவதற்குள் எட்டியது அவ்வளவே. இரண்டு சிலிண்டரும் காலியானதும், "கேஸே சரியில்ல," என்று சுத்தியலைப் போட்டார்.

கோபத்தில் செய்தது இரண்டாவது உலை. பெயின்ட் டப்பா ஒன்றுக்குள் கம்பளியைத் திணித்து, முன்னால் மட்டும் ஓட்டை விட்டார். தன் ஆயுளிலேயே முதன்முறையாக ஒரு பொருளைச் சின்னதாகச் செய்திருக்கிறார். அது சும்மா இருக்குமா? பின்பக்கம் அடைத்திருந்ததால் தீ முழுவதும் முன்னால் சீறி வந்து அவருடைய மீசையில் பாதியை எடுத்துக்கொண்டது. தகட்டின் நுனி மட்டும் உள்ளே போயிற்று. போன நுனி மத்தாப்பாய்ப் பொரிந்து உதிர்ந்தது. மறுநாள் ஷிஃப்டுக்கு மிச்ச மீசையையும் எடுத்துவிட்டுப் போனார்.

அதற்குள் சீசன் தொடங்கிவிட்டது. மாரியம்மாள் ஃபோனில் சொன்னார்: "கத்தி வேணாம்ணே, உட்டுடு. முழுப் பழமாவே வித்துக்கினு இருக்கறேன்."

வேண்டாம் என்ற குரல் நன்றாக இல்லை. நெடுமாறன் காடாம்புலியூருக்கு பஸ் ஏறினார். சாலைக்கு எதிர்ப்புறம் இறங்கி நின்றவரைத் தங்கை கவனிக்கவில்லை. கார் ஒன்று நின்றது. சுளை கேட்டார்கள். மாரியம்மாள் பழத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, பழக்கமில்லாத இடது கையால் கத்தியை இறக்கினார். கத்தி முள்ளில் வழுக்கி மண்ணில் குத்தியது. மறுபடி இறக்கினார். காரிலிருந்த பெண், "பரவால்லமா, விடுங்க," என்றார். கார் நாலடி நகர்ந்து அடுத்த கடையில், நாகம்மாளிடம் நின்றது. மாரியம்மாள் கத்தியின் மண்ணை முந்தானையில் துடைத்தார்.

நெடுமாறன் சாலையைக் கடந்து போய் எதிரே குந்தினார். "கையக் குடு," என்றார். கோணல் மணிக்கட்டை மடியில் வைத்து, எந்தப் பக்கம் போகிறது, எந்தப் பக்கம் போக மறுக்கிறது என்று அசைத்துப் பார்த்தார். ஒரு நூலால் உள்ளங்கையை அளந்தார். வெறும் கையால் வெட்டிக் காட்டச் சொல்லி, ஒரே இழுப்பில் அது போகும் தூரத்தையும் அளந்தார். ஒரு சாண் இருந்தது. நூலை அந்த இடத்திலேயே முடிச்சுப் போட்டார். இரண்டு விரற்கடை சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் கத்தி யாருக்கோ ஆகியிருக்கும்.

மூன்றாவது உலையின் உட்புறம் ஒரு சாண் நீளம், முஷ்டி நுழைகிற அகலம். அவர் அடிக்க முடிந்ததும் அவ்வளவு, தங்கை வெட்ட முடிந்ததும் அவ்வளவு. இரண்டு பக்கமும் திறப்பு. நீளமான இரும்பு வந்தால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் எட்டிப்பார்த்துக்கொள்ளட்டும். ஒரே பர்னர். கம்பளியைப் பெரிய குழாயிலிருந்து உரித்து எடுத்தார். காலியான குழாய்க்குள் ஒரு பூனை குட்டி போட்டது. இசக்கிமுத்து பார்த்துவிட்டு, "அதுக்கு மட்டும் அளவு சரியா அமைஞ்சிட்டுவே," என்றார்.

சிறிய உலை அலட்டிக்கொள்ளவில்லை. பிரபாவதி காப்பி கலந்து எடுத்து வருவதற்குள் இரும்பு ஆரஞ்சுச் சுளை நிறத்துக்கு வந்திருந்தது. சிலிண்டரில் பனி இல்லை. மூன்று கத்திகள் கோணிக்கொண்டு போயின. நான்காவதும் கோணல்தான், ஆனால் கோண வேண்டிய பக்கமாகக் கோணியது.

மற்றபடி நெடுமாறன் திருந்தியதாகத் தகவல் இல்லை. போன வாரம் வாங்கிய குடையின் கீழ் பிரபாவதியும் இசக்கிமுத்து குடும்பமும் சேர்ந்தே நிற்கலாம்.

கத்தி மாரியம்மாளின் கைக்குப் போன அன்று கூட்டம் சுமார்தான். கரும்பு லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்த நெல்லிக்குப்பத்து டிரைவர் ஒருவர் சுளை கேட்டார். மாரியம்மாள் கத்தியில் எண்ணெய் தடவி, வலது கையால் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பாமலே இழுத்தார். பழம் வாய் பிளந்தது.

"என்னாம்மா, கத்தி இவ்ளோ கோணலா கீது?" என்றார் டிரைவர்.

"என் கைக்குச் செஞ்சது. எங்கண்ணன் அளவெடுத்துச் செஞ்சாரு."

டிரைவர் திரும்பி, யார் அந்த அண்ணன் என்று தேடினார். நெடுமாறன் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே ஒழுங்காக அடுக்கியிருந்த பலாப்பழங்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, மறுபடியும் அடுக்க ஆரம்பித்தார்.