போட்டு வாறன் என்றார்

காலை எட்டு மணி பத்து நிமிடம். சுவிஸின் கூர் நகர ரயில் நிலையத்தில் நான் முதலில் கண்டது ஒரு கோட்டின் கைகளை. அணிந்திருந்தவரின் விரல் நுனிவரை அவை நீண்டிருந்தன. யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு. மணிக்கூட்டுக்குக் கீழே நின்றவர் என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். கோட்டுக் கைதான் அசைந்தது.

நான் அன்றைய பத்திரிகை வாங்கப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் பத்திரிகையில் வேலை செய்தவன், இங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை.

“பத்து மணிக்கெல்லோ கூட்டம்?” என்றேன்.

“ஓம் அண்ணை. ரயில் பிந்தினாலும் எண்டு முதல் ரயில்ல வந்திட்டன்.”

“இந்த நாட்டில ரயில் பிந்திறதோ?”

“எனக்கெண்டால் பிந்தும்.”

அவர் டீட்டிகோனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் வேலை செய்தார். வயது முப்பது இருக்கும். சிறிய இயக்கம் ஒன்றின் சுவிஸ் பிரதிநிதி. ஆறு கிழமைக்கு முன், ஊரில், கொக்குவிலில் வைத்து அவருடைய தம்பியைப் பெரிய இயக்கம் சைக்கிளோடு பிடித்துக்கொண்டு போயிருந்தது. எண்பத்தாறாம் ஆண்டின் மார்ச் அது. ஊரில் அரசாங்கத்தோடு சண்டையிட்ட இயக்கங்கள் ஒன்றையொன்றும் சுடத் தொடங்கியிருந்தன.

கூட்டத்தை ஒழுங்கு செய்தவர் ஓய்வுபெற்ற சுவிஸ் தூதரக அதிகாரி. ஆசியாவில் பல தலைநகரங்களில் இருந்தவர், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். எந்த அரசும் அவரை அனுப்பவில்லை. ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தயாரித்திருந்தார். அதில் நான்கு பந்திகள். இயக்கங்கள் தமக்குள் சுடுவதை நிறுத்த வேண்டும். அரசாங்கத்தோடு பேசும்போது ஒன்றாகப் போக வேண்டும். மூன்றாவது பந்தி, பிடித்து வைத்திருப்பவர்களை வீட்டாரிடம் ஒப்படைப்பது பற்றியது. களஞ்சியக்காரர் வந்தது மூன்றாவது பந்திக்காக. மற்ற மூன்றையும் அவர் எப்படியும் ஒப்புக்கொள்வார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பெரிய இயக்கத்தின் பக்கம் வந்தவரை எல்லோரும் மாஸ்ரர் என்றே அழைத்தோம். ஊரில் கணிதம் படிப்பித்தவர். இங்கே சூக் நகரில் அலுவலகங்கள் துப்புரவு செய்துகொண்டிருந்தார். நன்றாக ஆங்கிலம் தெரியும். ஆனாலும் இயக்கத்தின் பேச்சு தமிழில்தான் என்று முதற் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அதனால் நான் தேவைப்பட்டேன். தமிழிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ்.

அந்த முதற் கூட்டத்தில் ஒரு தவறு செய்திருந்தேன். மாஸ்ரர் சொன்ன ஒரு வசனத்தை மொழிபெயர்த்துவிட்டு, அதன் கருத்து இது என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் உடனே தமிழில் கேட்டார்: “நீர் மொழிபெயர்க்கிறீரோ, ஆசிரியர் தலையங்கம் எழுதுறீரோ?” அதையும் மொழிபெயர்த்தேன்; சுவிஸ் பெரியவரும் சொன்னதை மட்டும் சொல்லும்படியும் விளக்கம் வேண்டாம் என்றும் என்னிடம் கேட்டுக்கொண்டார். எனக்கு அது புதிதல்ல. ஒருவர் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டக்கூடாது என்றுதான் செய்தியறையில் பழக்கியிருந்தார்கள்.

ஒரு தேவாலயத்தின் பின்னறையில் பத்து மணிக்குத் தொடங்கினோம். முதல் இரண்டு பந்திகளும் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. கையெழுத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது மாஸ்ரர் சிரித்தார்.

“உங்கட ஆக்கள் கையெழுத்துப் போடுவினம். பிறகு அந்தக் கையே தங்கட இல்லை எண்டுவினம்.”

“உங்கட ஆக்கள் அதைத்தன்னும் வாசிக்கிறேல்லையே, மாஸ்ரர்.”

இரண்டையும் மொழிபெயர்த்தேன். பெரியவர் புன்னகைத்துவிட்டு மூன்றாவது பந்தியை வாசித்தார்.

மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதுக்கு நான் மேல கேக்கவேணும்.”

“கேளுங்கோ மாஸ்ரர். நான் இருக்கிறன்.”

“ம்.”

கோப்புகளை எடுத்தார். கழுத்துத் துணியைச் சுற்றினார். கதவருகே நின்று, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், “அப்ப நான் போட்டு வாறன்” என்றார். கதவு மூடியது. பதினொன்று இருபது. நான் பெரியவரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்: மேலே கேட்க வேண்டுமாம், போய்விட்டு வருகிறாராம்.

பெரியவர் தலையசைத்துவிட்டுக் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

இங்கே ஒரு விடயத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நான் அதை அறிந்தது மத்தியானத்துக்குப் பிறகுதான். மாஸ்ரர் மறுத்தால் என்ன செய்வதென்று பெரியவர் ஒரு வழி வைத்திருந்தார். மாஸ்ரருக்கு மேலே இருந்த ஒருவர் அன்று பின்னேரம் ஐந்து மணிவரை சென்னையில் ஒரு தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பார். அழைத்தால் மூன்றாவது பந்தியைப் பற்றி நேரே பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். சென்னையில் ஐந்து மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. மாஸ்ரரைத் தாண்டிப் பேசுவது அவரை அவமதிப்பதாகும் என்பதால், அவர் மறுத்தால் மட்டுமே அழைப்பது என்று பெரியவர் தீர்மானித்திருந்தார்.

மூன்று பேரும் இருந்தோம். பெரியவர் சில கடிதங்களை வாசித்தார். களஞ்சியக்காரர் கோட்டுக் கைகளை உள்ளே மடித்து விட்டார். அவை மறுபடியும் இறங்கின. அவர் பெரியவரைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். சுவிஸ்காரர் அடுத்து ஏதோ செய்யப்போகிறார், அதற்குத்தான் இந்த அமைதி என்று நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மேலே கேட்க வேண்டும் என்பது மறுப்பென்று எங்கள் இருவருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஒருவரும் ‘போறன்’ என்று சொல்லிப் புறப்படுவதில்லை என்பதும் தெரியும். மிகவும் தெரிந்ததாக இருந்ததால் அதை ஒருவரும் நினைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கோபுரத்தில் மணி அடித்தது. சிறிது நேரம் கழித்துத் தேவாலயத்தைப் பராமரிக்கும் பெண் பார்லி சூப் கொண்டுவந்தார். நான்கு கிண்ணங்கள். சூப்பைக் குடித்து முடித்ததும் பெரியவர் அவரைக் கூப்பிட்டு, நான்காவது கிண்ணத்தை ஒரு தட்டால் மூடி வைக்கச் சொன்னார்.

“யாருக்கு?” என்று கேட்டேன்.

“அவருக்கு. வந்தால் சூடாக இருக்கட்டும்.”

“அவர் வரமாட்டார்.”

“வருவதாகச் சொன்னாரே. நீங்கள்தானே சொன்னீர்கள்?”

நான் விளக்கினேன். விளக்கம் இரண்டு வசனங்களுக்கு மேல் போகவில்லை. அவர் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு முப்பத்தைந்து. எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். எண்களைச் சுழற்றும் ஓசை கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. மீண்டும் சுழற்றினார். நான்கு தடவை. திரும்பி வந்ததும் சென்னைத் தொலைபேசியைப் பற்றிச் சொல்லி, அதை மொழிபெயர்க்கும்படி கேட்டார்.

மொழிபெயர்த்தேன். களஞ்சியக்காரர் என்னைப் பார்த்தார்.

“மாஸ்ரர் போகேக்க இவருக்கு நீங்கள் என்னெண்டு சொன்னனீங்கள், அண்ணை?”

“அவர் சொன்னதைத்தான். போட்டு வாறன் எண்டு.”

“அது போறன் எண்டதெல்லோ?”

“ஓம்.”

களஞ்சியக்காரர் கோட்டுக் கைகளை மேலே இழுத்துவிட்டார். பிறகு, “இவரைக் கேளுங்கோ, திங்கக்கிழமை எடுத்தாலும் அந்தாள் நிப்பாரோ?” என்றார்.

கேட்டேன். பெரியவர் எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். திங்கட்கிழமை எடுத்தார். வேறொருவர் பேசினாராம்; அவர் வெளியூர் போய்விட்டார், எப்போது வருவார் என்று தெரியாது என்றாராம். தாளில் மூன்றாவது பந்தியை எடுத்துவிட்டு மற்ற மூன்றோடு கையெழுத்திடலாமா என்று மாஸ்ரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. களஞ்சியக்காரர் மறுத்துவிட்டார். அதன் பிறகு கூட்டம் நடக்கவில்லை.

உரிய நேரத்தில் அழைத்திருந்தால் சென்னையிலிருந்தவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியாது. பெரியவரும் தெரியாது என்றே சொன்னார். என்மீது குறை எதுவும் அவர் சொல்லவில்லை. பின்னாட்களில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை வந்தபோதெல்லாம் அவரே எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதம் உதவியது.

ஏப்ரல் மாதம் களஞ்சியக்காரர் ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்தார். சமையலறைக்கு வெளியே நின்று பேசினேன். தாயாரிடமிருந்து கடிதம் வந்திருப்பதாகச் சொல்லி வாசித்தார். முதல் பக்கத்தில் உறவினர்களின் சுகம் விசாரிப்பு இருந்தது. இரண்டாவது பக்கத்தில் ஒரு செய்தி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேர் வந்து, தம்பியின் சைக்கிளை மட்டும் வேலியோடு சாத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.