ஒன்றரை அடி நீளம்

ராஜகுமாருக்கு அடுத்தவன் வண்டியைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. பதினேழு வருடம் ஷார்ஜாவில் ஒரு ஷெட்டில், பழைய வண்டிகளைக் கம்பெனியிலிருந்து இறங்கிய நாளில் இருந்தபடியே ஆக்கித் தருகிற வேலை. இடையில் யாரோ செய்த ஒட்டு, வெட்டு, பள்ளம் மூடப் பூசின புட்டி எல்லாவற்றையும் சுரண்டி எறிந்துவிட்டு, ஸ்க்ரூ முதற்கொண்டு அந்தக் காலத்துச் சாமானாகத் தேடிப் போடவேண்டும். வேலை முடிந்ததும் முதலாளி அதை ஏசி அறையில் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓடாமல் நிற்பதற்கு ஒரு வண்டிக்கு இத்தனை கைபார்ப்பு எதற்கு என்று ராஜகுமார் கேட்டதில்லை. அப்படிக் கேட்கிறவர்களுக்கு அங்கே வேலை கிடையாது.

லீவில் சொந்த ஊரான கொட்டாரத்துக்கு வந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. அதற்கு மேல் வெளியே நின்றால் விசா செத்துவிடும். பதினொரு நாள் பாக்கி. திரும்பிப் போகக்கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டான். அதை வெளியே சொல்லத்தான் ஒரு பிழைப்பு வேண்டியிருந்தது. மகள் நந்தனா பிளஸ் டூ படிக்கிறாள். விருந்தாளிக்குக் கொடுக்கிற கண்ணாடி டம்ளரில்தான் அவனுக்கு இன்னும் தண்ணீர் கொண்டுவருகிறாள்.

பிழைப்புக்கு இருந்த ஒரே முதலீடு வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயின் அடியில் நின்றது. அறுபத்திரண்டு மாடல் ஜீப் பிக்கப். அவன் அப்பா முப்பது வருடம் அதில் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிப்போனவர். இப்போது அதன்மேல் இரண்டு திட்டங்கள் ஏறி உட்கார்ந்திருந்தன.

ஒன்று ராஜகுமாருடையது. வண்டியைப் பழையபடி ஆக்கி, திருவனந்தபுரத்தில் இருக்கிற ஆன்ட்ரூஸ் என்ற பல் டாக்டருக்கு விற்பது. நாகர்கோவில்காரர்தான், பழைய வண்டி சேர்க்கிற பைத்தியம். எல்லாம் ஒரிஜினலாக இருந்தால் கேட்ட விலைக்கு எடுத்துக்கொள்வதாகவும், சிநேகிதர்களுடைய வண்டிகளையும் வேலைக்கு அனுப்புவதாகவும் சொல்லியிருந்தார். அந்தப் பணத்தில் கொட்டாரத்திலேயே ஒரு ஷெட் போட்டுவிடலாம்.

மற்றது அவன் மனைவி ஓமனாவுடையது. வீட்டிலிருந்தபடியே ஆபீசுகளுக்குக் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் கொடுத்து வந்தவள், பிக்கப்பின் பின்தொட்டிக்கு மேல் கூரை போட்டு, பக்கத் தகட்டை வெட்டித் திறப்பு வைத்து, ரோட்டோரத்தில் நிறுத்திக் கடை நடத்தலாம் என்றாள்.

“வெட்டிட்டா பெறவு அது வண்டியே இல்லட்டி.”

“வித்தா மட்டும் வண்டி நம்ம வீட்டுல நிக்குமாக்கும்?”

காப்பாற்றினால் வண்டி போய்விடும், கெடுத்தால் நிற்கும். இந்தக் கணக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலவே கோணலாக இருந்தது.

இருந்தாலும் லீவில் வந்த மறுமாதமே தன் திட்டத்தில் இறங்கியிருந்தான். அதில் ஒரு சிக்கல். ஷார்ஜாவின் உடைப்புக் கடைகளில் தேடிப் பிடித்த சாமான்களை ஓமனாவுக்குத் தெரியாமல் வருடாவருடம் கார்கோ பெட்டியில் ஊருக்கு அனுப்பியிருந்தான். பழைய இரும்புக்குப் பணத்தைத் தொலைக்கிறான் என்பாளே என்று ஒவ்வொன்றையும் கம்பளிப் போர்வைக்குள் சுருட்டித் தைத்து அனுப்பினான். போர்வையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பது மரியாதை இல்லை என்று ஓமனா அப்படியே சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் பங்கு வைத்தாள். வாங்கியவர்களும் உள்ளே இருந்த இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்ஃபிலிருந்து வந்த பொருள் எதற்கு என்று கேட்டால் தன்னைப் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்களே என்று ஆளுக்கொரு உபயோகம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். இப்போது அவன் வீடு வீடாகப் போய் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்கவேண்டியிருந்தது.

கதவுக் கைப்பிடிகள் குளச்சலில் ததேயுஸ் வீட்டில் கிடைத்தன. ததேயுஸ் ஷார்ஜாவில் அவனோடு ஒரே அறையில் கிடந்தவன்; இப்போது சொந்த வள்ளத்தில் மீன் பிடிக்கிறான். இரண்டு கைப்பிடிகளும் ஐஸ் பெட்டியின் மூடியில் பளபளவென்று இருந்தன.

“ஏலே, கொண்டு போ. ஆனா ஒண்ணு, இதுல கை வச்சுத் தொறந்தாத்தான் எனக்க நெத்திலிக்கே ஒரு கெத்து,” என்று கழற்றிக் கொடுத்துவிட்டு, மூடியில் அந்த இடத்தில் கயிற்றைக் கட்டினான்.

கடைசியாக முன்விளக்கு வளையம் ஒன்று பூதப்பாண்டியில் இருந்தது. ஓமனாவின் அக்காள் புருஷன் தாணுலிங்கம் வீட்டில். இறந்துபோன அவர் அப்பாவின் வட்டப் படத்துக்கு அது சட்டமாகி, மாலை போட்டுச் சுவரில் இருந்தது. டாக்டர் வர இரண்டு நாள். ராஜகுமார் காப்பியைக் குடித்தான், முறுக்கைக் கடித்தான், வயல் எப்படி என்று கேட்டான். தாணுலிங்கம் அவன் கண் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குளச்சலுக்குப் போனியளாம். கேள்விப்பட்டேன் தம்பி.”

“அது வந்து அண்ணாச்சி…”

“போர்வைய மட்டும் விட்டிருவியளா, இல்ல அதுவும் வேணுமா? போன மழைக்கு மூடினதுதான், அலக்கி வச்சிருக்கு.”

ராஜகுமார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். அப்போதாவது எழுந்து வந்திருக்கலாம். தாணுலிங்கம் நாற்காலி போட்டு ஏறி, மாலையை எடுத்து, ஸ்க்ரூவைத் திருகி, வளையத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். படம் மேசைமேல் மொட்டையாகக் கிடந்தது.

அவன் பஸ்ஸில் வீடு வந்து சேருவதற்குள் ஓமனாவுக்கு அக்காளின் போன் வந்துவிட்டது. ஓமனா சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றினாள், அடுக்களைக்குள் போய்விட்டாள். இரண்டு நாளும் அந்த வீட்டில் உப்புத்தாள் உரசுகிற சத்தம் மட்டுமே கேட்டது.

சனிக்கிழமை காலையில் டாக்டர் ஆன்ட்ரூஸ் வந்தார். விசாவுக்கு நாலு நாள். வண்டியைச் சுற்றிவந்து, வாயைத் திறக்கச் சொல்வதுபோல் பானட்டைத் திறக்கச் சொன்னார். டார்ச் அடித்தார். பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்துத் தகடு தகடாக ஒட்டவைத்துப் பார்த்தார். புட்டி வைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. எல்லா இடத்திலும் ஒட்டியது. ராஜகுமார் பின்னாலேயே நடந்தான், தேர்வு எழுதிய பையன் வாத்தியார் பின்னால் நடப்பதைப் போல. அடுக்களை ஜன்னலில் ஓமனா நின்றாள்.

டாக்டர் பின்தொட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்து இரண்டு தடவை அளந்தார்.

“ஆர்.சி. புக் இருக்கா?”

ராஜகுமார் எடுத்துவந்தான். அவன் அதில் வருடம் எழுதின பக்கத்தைத் தவிர வேறு பக்கம் பார்த்ததில்லை. டாக்டர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வாசித்தார். எழுபத்திநாலில், வண்டியை அவன் அப்பா பழசாக வாங்கிய மூன்றாவது மாதம், தொட்டியையும் சேசிஸ் வாலையும் ஒன்றரை அடி நீட்டி, முறைப்படி பதிந்து வாங்கியிருந்தார். ஒரு வரிசைக் குலை கூடுதலாக நிற்கும். அது நடந்து நாலு வருடம் கழித்துத்தான் ராஜகுமார் பிறந்தான். ஊரான் வண்டியில் கால் அங்குல மாற்றத்தைக் கண்ணாலேயே பிடிக்கிறவன், தன் வீட்டு வண்டியில் ஒருநாளும் டேப்பை வைத்ததில்லை.

“வேல அருமையான வேல,” என்றார் டாக்டர். “இந்த ஒண்ணரை அடிய வெட்டி எடுத்துட்டு, ஒரிஜினல் அளவுக்குக் கொண்டு வந்திருங்க. நான் சொன்ன வெலையில மாத்தமில்ல. உங்களுக்கு இது ஒரு வேலையா?”

வேலையே இல்லைதான். ஷார்ஜாவில் இதைப்போல நூறு வெட்டியிருப்பான். மூன்று நாள் போதும். செவ்வாய்க்கிழமை சொல்வதாகச் சொல்லி டாக்டரை அனுப்பிவைத்தான்.

ஓமனா வெளியே வந்தாள். “அப்போ அக்கா வீட்டுப் படத்தக் கழத்தினது சும்மாவாக்கும்.”

அவன் ஆர்.சி. புக்கின் கடைசிப் பக்கத்தை மறுபடி திருப்பினான்.

“வெட்டவே கூடாதுன்னியளே. இப்போ எந்தப் பக்கம் பாத்தாலும் வெட்டுத்தானே?”

“அப்பா வச்ச நீளம்னு எனக்குத் தெரியாதுட்டி.”

“இப்போ தெரியும்லா.”

ஞாயிறு முழுக்க அவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பின்னால் குறுக்கே ஒரு சாக்பீஸ் கோடு போட்டான்; டாக்டருடைய கோடு. பக்கத் தகட்டில் ஒரு கட்டம் போட்டான், ஓமனாவுடையது. இரண்டையும் அழித்தான். திரும்பப் போட்டான். ஏஜென்சியிலிருந்து டிக்கெட் பற்றிக் கேட்டு வந்த போனை எடுக்கவில்லை. பின்கோட்டில் வெட்டினால் மிஞ்சுவது கம்பெனியின் வண்டி. அவன் பிறந்ததிலிருந்து அது அவன் வீட்டில் நின்றதில்லை. அதைப் பழையபடி ஆக்குவதற்கு அவனுக்குப் பழைய நினைவு ஒன்றுகூட இல்லை. ஆனால் பக்கத்தில் வெட்டினால், பதினேழு வருடம் கற்ற தொழிலை அந்தக் கட்டத்துக்குள்ளேயே வெட்டிப் போட்டமாதிரி. டாக்டர் இனி ஒரு வண்டி அனுப்பமாட்டார். மீன்கறி விற்காவிட்டால், விசா செத்தபிறகு திரும்பிப் போக ஷார்ஜாவும் கிடையாது.

திங்கட்கிழமை காலையில் அடுக்களை வாசலில் போய் நின்றான்.

“எவ்வளவு உயரத்துல வேணும்?”

ஓமனா கப்பைக் கத்தியைக் கீழே வைத்தாள். வண்டிப்பக்கம் வந்து, முழங்கையை மடக்கித் தகட்டுக்கு நேரே பிடித்தாள். அந்த இடத்தில் அவன் கோடு போட்டான்.

“பின்னால அந்த ஒண்ணரை அடி நிக்கட்டு,” என்றாள். “சிலிண்டர் வைக்கணும்.”

கட்டரை எடுத்தான். முதல் மூன்று அங்குலம் வெட்டியதும் நிறுத்தினான். மூன்று அங்குலத்தை வெல்டு வைத்துத் தேய்த்துவிட்டால் எந்தக் காந்தத்துக்கும் தெரியாது. இந்த ஜில்லாவில் அப்படிச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். மூலை தாண்டிவிட்டால் அவனாலும் ஆகாது. நந்தனா ஸ்கூல் பையோடு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

“என்ன, நிறுத்திட்டியளா?” என்றாள் ஓமனா.

“டிஸ்க் தேஞ்சு போச்சு.”

“அப்போ வேற மாட்டி வெட்டுங்க.”

அவன் வேறு டிஸ்க் மாட்டினான். மூலைவரை வந்தான், ஒரு மூச்சு விட்டான், கட்டரைத் திருப்பிக் கீழ்நோக்கி இறக்கினான்.